கோப்பி மோகமும் இடரின் சுமையும்

முதலீட்டாளனை இலாப நட்டங்களை நிதானமாகக் கணக்கிடுபவனாகவே பொருளியலாளர் பலர் கொண்டனர். 1840களில் இலங்கை மலைநாட்டில் எழுந்த கோப்பி மோகம் அக்கொள்கைக்கு இசைவதாயில்லை.

மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டதையடுத்து அங்கு கோப்பி உற்பத்தி வீழ்ந்தது. 1835இல் பிரித்தானியச் சந்தையில் இலங்கைக் கோப்பிக்கு மேற்கிந்தியக் கோப்பியோடு சமமான தீர்வை கிடைத்தது. முதலிற் தோட்டந் திறந்தோர் உண்மையாகவே இலாபமீட்டினர். அவர்தம் வெற்றியே பின்வந்தோருக்கு அளவுகோலாயிற்று. 1844 வரை முடிக்குரிய காணி ஏக்கர் 5 சிலிங்குக்கு விற்கப்பட்டது. தேசாதிபதி, நீதிபதிகள், படை அதிகாரிகள், மதகுருமார் எனப் பலரும் வாங்கினர். விற்ற அரசின் தலைவர்களே வாங்குவோராகவும் நின்றமை ஐயுற்றோரின் ஐயத்தையும் போக்கியது. உளவியலாளர் கூறும் மந்தையுணர்வு இங்கு அதிகாரத்தின் முத்திரையோடு செயற்பட்டது.

இம்மோகம் 1845இல் உச்சமடைந்தது. ஐந்தாண்டுக்குள் 50 இலட்சம் பவுண் செலவழிந்ததாகச் சொல்லப்பட்டதை, அன்று குடியேற்றநாட்டுச் செயலாளராயிருந்த எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியான தமது நூலிற் பதிந்துள்ளார். 1847இல் இலண்டன் நிதிநெருக்கடியும் கோப்பி விலைவீழ்ச்சியும் ஒருங்கே வந்தன. தோட்டங்கள் இட்ட முதலின் சிறு பகுதிக்கே விலைபோயின.

எனினும், பேராசை, மந்தையுணர்வு என்பவற்றோடு விளக்கம் முற்றுப்பெறாது. துணிந்தவர் எவர், இடர்ப்பட்டவர் எவர் என்ற வினா எஞ்சுகின்றது. தமிழகத்திலிருந்து வந்து மன்னார்ப் பாதையால் மலைநாடு நோக்கி நடந்த தொழிலாளருட் பலர் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பலியாயினர். வீழ்ச்சியின்போது பலரது கூலி கொடுபடவில்லை. 1848இல் கோப்பி ஏற்றுமதித் தீர்வை நீக்கப்பட்டது. அதே ஆண்டில் தேசாதிபதி டொறிங்டனின் துப்பாக்கி, நாய், கடை வரிகளும் வீதிவரியும் கண்டியக் குடியானவர் மீது விழுந்தன. மாத்தளைக் கிளர்ச்சி வெடித்தது. நட்டத்தைப் பிறர்மீது சுமத்தக்கூடிய அமைப்பு இருந்தமையும் அத்துணிவுக்கு ஊட்டமளித்தது எனலாம்.

இவ்வனுபவத்தின் பின்னரும் போக்கு மாறவில்லை. 1869இல் இலைநோய் தோன்றியது. ஆயினும் விலையேற்றம் விளைச்சற் குறைவை மறைத்தமையால் 1870களிலும் புதிய காடுகள் அழிக்கப்பட்டுக் கோப்பி நடப்பட்டது. 1880களில் அத்தொழில் வீழ்ந்து, தேயிலை அதன் இடத்தைப் பெற்றது.

ஆகவே, நிதித் துணிவின் உளவியலை ஆராய்வோர் தனிமனித மனத்தோடு நின்றுவிடாது, நட்டத்தைச் சுமக்கும் வர்க்கத்தையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும்.