வாவிக்கு அப்பால் வெள்ளித்திரை: மண்டூரில் படம் பார்க்கும் வழக்கம் தேய்ந்த கதை

மண்டூரிலிருந்து ஒரு படத்துக்குப் போவதென்றால் முதலில் வாவியைக் கடக்க வேண்டும். படகுப் பாதையில் ஏறிக் குருமண்வெளியில் இறங்கலாம். அல்லது வெல்லாவெளிப் பக்கமாகச் சுற்றி, பட்டிருப்புப் பாலத்தால் களுவாஞ்சிகுடிக்கு வரலாம். அங்கிருந்து மட்டக்களப்பு நகரம் ஏறத்தாழ 30 கிலோமீற்றர். தெற்கே போவதானால் நாவிதன்வெளி, கிட்டங்கி வழியாகக் கல்முனை. மாரியில் கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாய்ந்தால் அந்த வழியும் அடைபட்டுவிடும்.

இதைச் சொல்லாமல் படுவான்கரையில் சினிமா பற்றிப் பேச முடியாது.

தியேட்டருக்குப் போகிறவர்கள் குறைந்துவிட்டார்கள், விருது விழாக்களைப் பார்க்க ஆளில்லை என்ற பேச்சு இன்று உலகம் முழுவதும் கேட்கிறது. 1998இல் 'டைட்டானிக்' படம் விருதுகளை அள்ளிய ஒஸ்கார் விழாவை அமெரிக்காவில் 55 மில்லியன் பேர் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். 2021இல் அந்த எண்ணிக்கை ஏறத்தாழ 10 மில்லியனாகச் சரிந்தது. 2029 முதல் ஒஸ்கார் விழா தொலைக்காட்சியை விட்டு யூரியூப்புக்குப் போகப்போவதாக அறிவித்திருக்கிறார்கள். கைத்தொலைபேசியும் இணையமும்தான் இதற்குக் காரணம் என்பது பொதுவான விளக்கம்.

எங்கள் பக்கத்துக்கு அந்த விளக்கம் பாதிதான் பொருந்தும். போன் கைக்கு வருவதற்கு வெகு காலம் முன்பே இங்கே படம் பார்க்கப் போகும் வழி அறுந்துவிட்டது.

வானொலி தந்த ஆசை

கிராமங்களுக்குச் சினிமாவை முதலில் கொண்டுவந்தது இலங்கை வானொலி. படத்தைக் காணாதவர்களும் பாட்டை மனப்பாடமாக அறிந்திருந்தார்கள். நகரத்துக்கு ஏதோ ஒரு வேலையாகப் போகிறவர்கள் அப்படியே ஒரு படத்தையும் பார்த்துவிட்டுத் திரும்புவது வழக்கம். அறுவடை முடிந்து கையில் காசு புழங்கும் மாதங்களில் வண்டி பிடித்துக் குடும்பமாகப் போனவர்களும் உண்டு. படம் பார்த்தவர் ஊருக்கு வந்து கதை சொல்வது தனியாக இன்னொரு காட்சி போல நடக்கும்.

1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் உருவான பின், வெளிநாட்டுப் படங்களின் இறக்குமதியும் விநியோகமும் அதன் கைக்குப் போயின. இந்தியப் படங்களுக்குக் கட்டுப்பாடு வந்த அந்தக் காலத்தில்தான் எங்கள் நாட்டுத் தமிழ்ப் படங்களும் ஓரளவு மூச்சுவிட்டன. 1962இல் 'சமுதாயம்' படத்தோடு தொடங்கிய இலங்கைத் தமிழ் சினிமா, 1970களில் 'குத்துவிளக்கு', 'பொன்மணி', 'வாடைக்காற்று' என்று வளர்ந்தது. கடலோர மக்களின் வாழ்க்கையைத் தமிழ்நாட்டுப் பேச்சில் அல்லாமல் எங்கள் பேச்சிலேயே திரையில் கேட்க முடிந்த காலம் அது.

1983 ஜூலை அந்த வளர்ச்சியை முறித்தது. ஹெந்தளையில் இருந்த விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டது. சிங்களப் படங்களை இயக்கிவந்த தமிழரான கே. வெங்கட் கொல்லப்பட்டார். திரும்ப எடுக்க முடியாத படச்சுருள்கள் தீயில் போயின.

இரவு இல்லாத ஆண்டுகள்

தியேட்டருக்குப் போவதற்குக் காசு மட்டும் போதாது, இரவும் வேண்டும். வயல் வேலை முடிந்து குளித்து, உடுத்து, வாவி கடந்து போகிறவருக்குக் கிடைப்பது பின்னேரக் காட்சியோ இரண்டாவது காட்சியோதான். போர் முதலில் பறித்தது அந்த இரவைத்தான்.

1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கிய பின், எழுவான்கரை பெரும்பாலும் படையினரின் கையிலும் படுவான்கரையின் பெரும்பகுதி புலிகளின் கையிலும் இருந்தன. இடையில் கிடந்த வாவி எல்லைக்கோடாகியது. அடையாள அட்டையோடு, சோதனைச்சாவடி தாண்டி, பொழுது படுவதற்குள் திரும்பிவிட வேண்டும். மருந்துக்கும் பசளைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அப்படிப் போகலாம். படம் பார்க்க யார் போவார்கள்? பிள்ளை திரும்பி வரும் வரை வாசலில் நின்ற தாய்மாரைக் கண்ட ஊர்களில் 'படத்துக்குப் போறன்' என்ற சொல்லே மெல்ல மறைந்தது.

ஆனாலும் படம் பார்ப்பது நிற்கவில்லை. 1977க்குப் பின் திறந்துவிடப்பட்ட பொருளாதாரமும் மத்திய கிழக்குக்குப் போன பெண்களின் உழைப்பும் தொலைக்காட்சிப் பெட்டிகளையும் 'டெக்' எனப்பட்ட வீடியோக் கருவிகளையும் கிராமங்களுக்குக் கொண்டுவந்திருந்தன. மின்சாரம் இல்லாத ஊரில் ஜெனரேற்றரை வாடகைக்கு எடுத்து, முற்றத்தில் பாய் விரித்து, விடிய விடிய இரண்டு மூன்று படங்கள் போடுவார்கள். என் வயதுக்காரர் பலருக்கு முதல் தியேட்டர் அந்த முற்றம்தான். எண்ணெய் தீர்ந்து ஜெனரேற்றர் நின்றுவிட்டால், மிச்சக் கதையை ஏற்கெனவே பார்த்த ஓர் அண்ணன் சொல்லி முடிப்பார். எங்கோ வெடிச்சத்தம் கேட்டால் முதலில் அணைவது திரைதான்.

2007இன் தொடக்கத்தில் படுவான்கரை மக்கள் கூட்டம் கூட்டமாக இடம்பெயர்ந்தார்கள். திரும்பி வந்தபோது பல வீடுகளில் கூரையே இல்லை. தொலைக்காட்சிப் பெட்டியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

எங்களைப் பற்றிய விருதுகள், எங்களுக்கு எட்டாத படங்கள்

போர் முடிந்து ஏறத்தாழ ஓராண்டில், 2010 ஜூன் மாதத்தின் முதல் வாரத்தில், இந்திய சர்வதேச திரைப்பட விருது விழாவான ஐஃபா கொழும்பில் நடந்தது. நாடு வழமைக்குத் திரும்பிவிட்டது என்று உலகுக்குக் காட்டுவதற்கு அரசுக்கு அது நல்ல மேடையாக அமைந்தது. தென்னிந்தியத் திரையுலகம் அதைப் புறக்கணித்தது. அமிதாப் பச்சன் உட்படப் பெரிய நட்சத்திரங்கள் பலர் வரவில்லை. விழா நடந்த அந்த நாட்களிலும் வன்னி மக்கள் பல்லாயிரக்கணக்கில் மெனிக் பாம் முகாமில் இருந்தார்கள். அந்த முகாம் 2012 செப்ரெம்பரில்தான் மூடப்பட்டது. செங்கம்பளத்தின் மீது எங்களில் பலருக்கு ஒட்டுதல் இல்லாமற்போனதற்கு அந்த ஒரு வாரமே போதுமான காரணம்.

அதற்குப் பிறகு எங்கள் கதைகளே விருது மேடைகளில் ஏறின. 2012இல் அசோக ஹந்தகமவின் 'இனி அவன்' கான் நகரில் காட்டப்பட்டது. 2015இல் ஜாக் ஓடியாரின் 'தீபன்' அதே கான் விழாவின் மிக உயர்ந்த விருதான தங்கப் பனையை வென்றது. அதில் நாயகனாக நடித்தவர் எழுத்தாளர் ஷோபாசக்தி. 2023இல் விசாகேச சந்திரசேகரத்தின் தமிழ்ப் படமான 'மணல்' ரொட்டர்டாம் விழாவில் நடுவர் குழுவின் சிறப்பு விருதைப் பெற்றது. போர் முடிந்து ஊர் திரும்பும் முன்னாள் போராளி ஒருவர், காணாமற்போன தன் காதலியைத் தேடும் கதை அது.

மூன்று படங்களும் எங்களைப் போன்றவர்களின் வாழ்க்கையைச் சொல்பவை. ஆனால் மண்டூரில் ஒரு திரையின் முன் ஊராகக் கூடியிருந்து அவற்றைப் பார்க்க வழியில்லை. காணாமற்போனவரைத் தேடும் கதையை ரொட்டர்டாமில் பார்த்தார்கள், தேடிக்கொண்டிருக்கும் தாய்மார் பார்க்கவில்லை. விருதுச் செய்தி மட்டும் போனில் வந்து சேர்ந்தது. விருதுகளில் ஆர்வம் குறைந்துவிட்டது என்று எங்களைக் குறைசொல்வதற்கு முன் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

போர் முடிந்த பிறகும்

பாதைகள் திறந்தன. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டதோடு கொக்கட்டிச்சோலைப் பக்கத்துக்கு நகரம் கிட்டவானது. தியேட்டருக்குப் போகும் வழக்கம் திரும்பிவரும் என்று நினைக்க இடமிருந்தது. ஆனால் அடிமேல் அடி விழுந்தது. 2019 ஏப்ரல் 21 அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் நடந்த குண்டுவெடிப்புக்குப் பின், கூட்டமான இடம் என்றாலே பயம் வந்தது. 2020இல் கொரோனா தியேட்டர்களை மூடவைத்தது. 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது, பெற்றோலுக்கு வரிசை நின்றது. வெல்லாவெளிப் பக்கக் கிராமங்களில் இருட்டிய பின் வீதியில் யானை நிற்கிறது. குண்டுக்குப் பயந்து வீட்டுக்குள் இருந்தவர்கள் இன்று யானைக்குப் பயந்து இருக்கிறார்கள்.

இதற்கிடையில் படமே வீட்டுக்கு வந்துவிட்டது. 'சூரரைப் போற்று' 2020 நவம்பரில் தியேட்டருக்குப் போகாமல் நேராக இணையத்தில் வெளியானது. பிறகு அதுவே இந்தியாவின் சிறந்த படத்துக்கான தேசிய விருது உட்பட ஐந்து தேசிய விருதுகளை வென்றது. தியேட்டர் இல்லாமலும் ஒரு படம் உச்சிக்குப் போகலாம் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. விருது விழாக்களோ துண்டு துண்டாகப் போனுக்கு வருகின்றன: ஒரு நடிகரின் பேச்சு, ஒரு நடனம், ஒரு சர்ச்சை. நான்கு மணி நேரம் காத்திருக்க ஆளில்லை.

இதில் இலாபமும் உண்டு. தனியாகக் குடும்பத்தைச் சுமக்கும் பெண்ணும், நடக்க முடியாத முதியவரும், காலை இழந்தவரும் இன்று விரும்பிய படத்தை விரும்பிய நேரத்தில் பார்க்கிறார்கள். ஒரு காலத்தில் வாவி கடக்க முடியாததால் அவர்களுக்குக் கிடைக்காமல் போனது இப்போது உள்ளங்கையில் இருக்கிறது. ஆனால் அந்த முற்றத்துப் பாயில் சேர்ந்து இருந்ததை அது திருப்பித் தரவில்லை. ஒரே வீட்டில் நான்கு பேர் நான்கு படம் பார்க்கிறார்கள்.

கூத்துக் களரி சொல்வது

கூடியிருந்து பார்க்கும் பொறுமை எங்கள் சனத்துக்குப் போய்விட்டதா என்றால், இல்லை. படுவான்கரைக் கிராமங்களில் இன்றும் வடமோடி, தென்மோடிக் கூத்துகள் ஆடப்படுகின்றன. அண்ணாவியார் சட்டம் கொடுத்து, மாதக்கணக்கில் பழக்கி, சதங்கை அணிவிழா நடத்தி, பிறகுதான் அரங்கேற்றம். அன்று இரவு முழுவதும் களரியைச் சுற்றிச் சனம் இருக்கிறது. மண்டூர் முருகன் கோயில் திருவிழாவிலும் அப்படித்தான். ஆடுகிறவர் எங்கள் பிள்ளை, கதை எங்களுக்குத் தெரிந்த கதை, போய்வரும் தூரம் நடைதூரம். இந்த மூன்றும் இருந்தால் மக்கள் வருகிறார்கள்.

படத்துக்கும் இதே மூன்றும் போதும். மண்டூருக்குப் பெரிய தியேட்டர் தேவையில்லை. பாடசாலை மண்டபமோ பொதுநோக்கு மண்டபமோ வாசிகசாலையோ இருக்கிறது. ஒரு புறொஜெக்டரும் வெள்ளைத்துணியும் ஒலிபெருக்கியும் இரவல் எடுக்கக்கூடியவை. படத்தை எடுத்தவரிடம் முறையாக அனுமதி கேட்டு, மாதத்தில் ஒரு நாள் பின்னேரத்தில் தொடங்கி இருட்டுவதற்குள் முடிக்கலாம். யானைக்கும் பயப்பட வேண்டியதில்லை. எங்கள் இளைஞர்கள் போனிலேயே எடுக்கும் குறும்படங்களுக்கும் அங்கே முதல் பார்வையாளர் கிடைப்பார்கள். யாழ்ப்பாணத்தில் 2015இல் சர்வதேச சினிமா விழா ஒன்று தொடங்கப்பட்டது. அதில் காட்டப்படுவன போன்ற படங்கள் வாவி கடந்து இந்தப் பக்கமும் வரவேண்டும் என்று கேட்பதில் தவறில்லை.

போரைப் பற்றிய படத்தைப் போனில் தனியாகப் பார்க்கிறவர், அழுகை வந்தால் போனை அணைத்துவிட்டுப் படுத்துவிடுவார். அதே படத்தை ஊரோடு இருந்து பார்த்தால், முடிந்த பிறகு யாராவது ஒருவர் பேசத் தொடங்குவார். அப்படிப் பேசவேண்டியவை எங்களிடம் இன்னும் நிறைய இருக்கின்றன.