விருப்பு வாக்கு: ஒரு சொல், இரு பொருள்

சண்டிலிப்பாயில் ஆங்கிலம் பயிலும் வாக்காளர், ‘பிரிபரன்ஸ்’ என்றால் விருப்பம் என அகராதியில் அறிந்தால் மட்டும் போதாது. பாராளுமன்றத் தேர்தலில் முதலில் கட்சிக்குப் புள்ளடி. பின்னர் அதே பட்டியலில் மூவர் வரை விருப்பு வாக்கு. அவை யாவும் சம மதிப்புடையவை. ஜனாதிபதித் தேர்தலிலோ 1, 2, 3 என வரிசைப்படுத்துகிறோம். எவரும் பாதிக்கு மேல் பெறாவிடின், முதலிருவர் தவிர்ந்த ஏனையோரின் வாக்குச்சீட்டுகளிலுள்ள அடுத்த விருப்பங்கள் எண்ணப்படும். 2024 செப்டெம்பரிலேயே இது முதன்முறையாக நிகழ்ந்தது. அநுர குமார திசாநாயக்க வென்றார். தமிழிலும் இரண்டுக்கும் ஒரே பெயரிட்டமை குழப்பத்தை வளர்த்தது என்பதே எமது கருத்து. பாராளுமன்றப் பழக்கத்தில் ஜனாதிபதி வேட்பாளர் மூவருக்குப் புள்ளடியிட்டால் அந்த வாக்கு நிராகரிக்கப்படும்.