குடலில் புதிய பாக்டீரியா: கண்டறிவது எப்படி, பெயர் வைப்பது எப்படி?

நம் குடலில் கோடானு கோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. அவற்றுள் பல, காற்றுப் பட்டாலே மடிந்துவிடும். ஆய்வுக்கூடத்தில் எளிதில் வளராது. எனவே, ஒன்றைப் 'புதியது' என அறிவிக்கப் பல படிகளைக் கடக்க வேண்டும். 'அக்கர்மான்சியா முசினிபிலா' இதற்கு நல்ல சான்று. நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த முரியல் டெரியன், வில்லெம் டி வோஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2004-இல் இதனை அறிவித்தனர்.

தனியே பிரித்தல்: குடலின் உட்சுவரை ஒரு வழுவழுப்பான சளிப்படலம் மூடியுள்ளது. அதிலுள்ள முக்கியப் பொருள் மியூசின். மனித மலத்தை நீர்க்கச் செய்து, ஆக்சிஜன் இல்லாத சூழலில், மியூசினை மட்டுமே உணவாகக் கொடுத்தனர். அதை உண்டு வளர்ந்தது இந்தப் பாக்டீரியா.

ஒப்பிடுதல்: எல்லாப் பாக்டீரியாவிலும் '16 எஸ்' எனும் மரபணு உண்டு. அதில் சுமார் 1,500 எழுத்துகள். ஏற்கெனவே பெயர் பெற்றவற்றோடு ஒப்பிடும்போது ஒற்றுமை 98.7 விழுக்காட்டுக்குக் கீழ் இருந்தால், அது புதிய சிற்றினம் என்பது இன்றைய பொதுக் கணக்கு. அக்கர்மான்சியாவுக்கு மிக நெருங்கிய உறவோடு இருந்த ஒற்றுமையே 92 விழுக்காடுதான். அதனால் புதிய பேரினமே உருவாக்கப்பட்டது. இப்போது முழு மரபணுத் தொகுதியையும் ஒப்பிடுகிறார்கள்.

பெயரிடுதல்: முதற்பெயர், டச்சு நுண்ணுயிரியலாளர் அந்தூன் அக்கர்மான்ஸைச் சிறப்பிப்பது. 'முசினிபிலா' என்றால் மியூசினை விரும்புவது.

ஒப்படைத்தல்: உயிருள்ள மாதிரியை இரு வெவ்வேறு நாடுகளின் சேமிப்பகங்களில் வைக்க வேண்டும். அப்போதுதான் மற்றவர்களும் வாங்கிச் சோதிக்க முடியும், பெயரும் செல்லுபடியாகும்.

பெயரால் நமக்கென்ன பயன்? உடல் பருமன், இனிப்புநீர் உள்ளவர்களிடம் இது குறைந்திருப்பதாகப் பல ஆய்வுகள் கூறுகின்றன. 2019-இல் பெல்ஜியத்தில் 32 பேர் மூன்று மாத ஆய்வை நிறைவு செய்தனர். சூடாக்கிச் செயலிழக்கச் செய்த அக்கர்மான்சியாவை உட்கொண்டவர்களுக்கு இன்சுலின் செயல்பாடு மேம்பட்டது. ஆனால் இது சிறிய ஆய்வு. இதை நம்பி இனிப்புநீர் மருந்தை நிறுத்திவிடக் கூடாது.

'நல்ல பாக்டீரியா' மாத்திரை வாங்குவோர் அட்டையைக் கவனியுங்கள். பேரினம், சிற்றினம் ஆகியவற்றோடு, எந்த வகை என்பதைக் காட்டும் குறியீடும் இருக்க வேண்டும். ஒரே சிற்றினத்திலும் வகைக்கு வகை செயல் மாறுபடும். மருத்துவரைக் கேட்டபின் வாங்குவதே நல்லது.