இரண்டு காலத்துக் கடல்

கனகம்மாசத்திரம் நெடுஞ்சாலை ஊர். எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துக்குக் கடல் உண்டென்றாலும் அது பழவேற்காட்டுப் பக்கம். உப்புக்காற்று இங்கே எட்டாது. ஆனாலும் மனசு சோர்ந்த நாளில் நான் தேடி எடுப்பது கடலோரக் கதைகளைத்தான். அதிலும் தாத்தா காலமும் பேரன் காலமும் மாறி மாறி வருகிற கதை என்றால் ராத்திரி சாப்பாடு மறந்துபோகும்.

இங்கிலாந்தில் இந்த வகைக்கென்றே பெரிய வாசகர் கூட்டம் இருக்கிறது. ரோசமுண்ட் பில்ச்சர் 1987-ல் எழுதிய ‘தி ஷெல் சீக்கர்ஸ்’ நாவலில், வயதான பெனலோப்பியின் இன்றைய நாட்களும் போர்க்காலத்துக் கார்ன்வால் கடற்கரையும் பின்னிப் பின்னி வரும். அப்பா வரைந்த ஓவியம் ஒன்று இரண்டு காலத்தையும் சேர்த்துக் கட்டும். நம் கடற்கரையில் அந்த இடத்தில் வள்ளம் இருக்கிறது.

மணப்பாட்டைக் களமாக வைத்து வண்ணநிலவன் எழுதிய ‘கடல்புரத்தில்’ 1977-ல் வந்தது. குரூஸ் மிக்கேலுக்கு வள்ளத்தை விற்க மனசில்லை. விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடச் சொல்கிறான் மகன் செபஸ்தி. கடலிலோ லாஞ்சுகள் வந்துவிட்டன. இது ஒரு வீட்டுச் சண்டை மட்டும் இல்லை. 1950-களில் தொடங்கி அரசு இயந்திரப் படகுகளை ஊக்குவித்தது. அவை கரையோரத்து மீனை வாரிக்கொண்டு போக, கட்டுமரக்காரர்களோடு அடிதடி மூண்டது. விசைப்படகுகள் 3 கடல் மைலுக்கு அப்பால்தான் மீன் பிடிக்கலாம் என்று 1983-ல் சட்டமே போட வேண்டியிருந்தது. இத்தனை கொந்தளிப்புக்கு நடுவே குரூஸ் மிக்கேலின் மகள் பிலோமியை நினைத்துப் பாருங்கள். காதல் கைகூடவில்லை, அம்மாவும் போய்விடுகிறாள். அப்படியும் அவள் யாரையும் வெறுப்பதில்லை. எனக்கு ஆறுதல் கிடைப்பது அந்த இடத்தில்தான்.

வண்ணநிலவன் திருநெல்வேலிக்காரர். ‘கடல்புரத்தில்’ வந்த அடுத்த ஆண்டு ‘அலைவாய்க் கரையில்’ எழுதிய ராஜம் கிருஷ்ணன் முசிறியில் பிறந்தவர். 1988-ல் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ மூலம் தேங்காய்ப்பட்டணத்தைத் தந்த தோப்பில் முஹம்மது மீரான் அந்த ஊர்க்காரரே. பரதவர் வீட்டிலிருந்தே பேச்சு வந்தது 2004-ல், உவரியில் பிறந்த ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ வழியாக. நடுக்கடலில் மூன்று பேர் தத்தளிக்கிறார்கள்: கோத்ராப் பிள்ளை, சூசை, இளையவன் சிலுவை. அலை அவர்களை அலைக்கழிக்க, கதை அவர்கள் ஊரான ஆமந்துறையின் 1930-களுக்குப் போய்ப் போய்த் திரும்புகிறது. மென்மையான நாவல் என்று இதைச் சொல்ல மாட்டேன். பசியும் சாவும் நிறைய. ஆனால் சாகக் கிடக்கிற கிழவரை அவருடைய வாலிப வயதோடு சேர்த்துப் பார்க்க முடிகிறதே, அதைவிட மரியாதை ஒரு மனிதருக்கு வேறென்ன செய்ய முடியும்?

எங்களுக்கும் இரண்டு காலம் உண்டு. திருத்தணி பக்கத்தில் இருந்த எங்கள் நிலத்தின் பழைய பத்திரத்தில் ‘சித்தூர் ஜில்லா’ என்று இருக்கிறது. மடித்த இடமெல்லாம் கிழிந்து, பின்னால் துணி ஒட்டியிருக்கிறது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, எல்லைத் தகராறைத் தீர்க்க வந்த படாஸ்கரின் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. முதல்நாள் ஆந்திராவாகவும் மறுநாள் தமிழ்நாட்டுப் பக்கமாகவும் விழித்த வீடுகளில் அன்றைய பிள்ளைகள் இன்று எழுபது தாண்டியவர்கள். தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடிக்கிறார்கள். ராஜம் கிருஷ்ணன் தன் நாவலுக்காகக் கடற்கரைக்குப் போய் மக்களிடம் கேட்டது மாதிரி, இவர்களிடமும் யாராவது சீக்கிரம் வந்து கேட்க வேண்டும்.