கல்லோயா திட்டம்

இலங்கை விடுதலை பெற்றபின் மேற்கொண்ட முதல் பெரும் நீர்ப்பாசன, குடியேற்றத் திட்டம். கிழக்கே ஓடும் பட்டிப்பளை ஆற்றின் சிங்களப் பெயரால் இது வழங்குகிறது. அரசு முதலீடு கலவரத்துக்கும் இணக்கத்துக்கும் ஒரே மண்ணில் வழிவிட்டதற்கு இது சான்று.

பிரதமர் டி. எஸ். சேனாநாயக்கவின் முனைப்பில் 1949இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டு, கல்லோயா அபிவிருத்திச் சபை உருவானது. அமெரிக்காவின் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் அதற்கு முன்மாதிரி. இங்கினியாகலையில் அணை கட்டியதும் மோரிசன்-நூட்சன் என்ற அமெரிக்க நிறுவனமே. அங்கே தேங்கிய சேனாநாயக்க சமுத்திரத்தின் கொள்ளளவு சுமார் 7,70,000 ஏக்கர் அடி. காடு வெட்டி உருவாக்கிய குடியேற்றங்களில் கண்டி, கேகாலைப் பகுதிகளின் காணியற்ற சிங்களக் குடும்பங்கள் பெருமளவில் அமர்த்தப்பட்டன. குடும்பத்துக்குச் சுமார் 4 ஏக்கர் வயல், மேட்டுக்காணி, வீடு. கீழ்ப்பகுதியில் தலைமுறைகளாக நெல் விளைவித்துவந்த தமிழரும் முஸ்லிம்களும் இதைத் தம் காணியுரிமை மீதான பறிப்பாகவே கண்டனர்.

1956 ஜூனில், சிங்களத்தை ஒரே ஆட்சிமொழியாக்கும் தனிச் சிங்களச் சட்டமூலம் நாடாளுமன்றத்தில் கொண்டுவரப்பட்ட சில நாட்களில் கல்லோயாவில் தமிழர் கொல்லப்பட்டனர். சபையின் ஊழியரும் குடியேறியோரும் அரசு வாகனங்களையும் வெடிமருந்தையும் கைப்பற்றித் தாக்கினர். அணை கட்ட வந்த சாமான்களே ஆயுதமாயின. இறந்தோர் சுமார் 150 பேர் எனப் பரவலாகக் கூறப்படுகிறது. மொழிச் சட்டம் தீப்பொறி மட்டுமே. விறகு காணிப் பங்கீட்டில் கிடந்தது. பிரதமர் பண்டாரநாயக்கவும் தமிழ்த் தலைவர் செல்வநாயகமும் 1957இல் செய்த ஒப்பந்தம் குடியேற்றங்களுக்கு ஆள் தேர்வதைப் பிராந்திய சபைகளிடம் விட்டது. அடுத்த ஆண்டே அது கைவிடப்பட்டது. 1961இல் திட்டப்பகுதி அமைந்த அம்பாறை மட்டக்களப்பிலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று.

அணையின் இடதுகரைக் கால்வாயின் தலைப்பில் சிங்களவரும் கடைமடையில் தமிழருமாக இருந்தனர். மேலே உள்ளவர் மதகைத் திறந்தே வைத்தால் கீழே வயல் காய்ந்தது. அமெரிக்க உதவியுடன் நடந்த சீரமைப்பில், 1981 முதல் கோர்னெல் பல்கலைக்கழகமும் இலங்கையின் கமநல ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனமும் வாய்க்கால்தோறும் உழவர் குழுக்களை அமைத்தன. நீர் குறைந்திருந்த அவ்வாண்டுச் சிறுபோகத்தில் உழவர்கள் சிரமதானமாக வாய்க்கால் தூர்வாரினர். முறைவைத்து நீர் பாய்ச்சினர். தம் முறை முடிந்ததும் மதகை அடைத்துக் கடைமடைக்கு நீர் விட்டனர். இன எல்லையைத் தாண்டிய இந்த ஏற்பாட்டைக் கோர்னெல் பேராசிரியர் நார்மன் அப்ஹாஃப் தம் 1992 நூலில் விவரிக்கிறார். அணைக்கும் கால்வாய்க்கும் கொட்டிய பணம் தராத இணக்கத்தை, நீர்ப்பங்கீட்டை உழவரிடம் விட்ட சிறு ஏற்பாடு தந்தது.

இலங்கையின் உள்நாட்டுப் போர் 2009இல் முடிந்தது. அம்பாறை இன்றும் நாட்டின் முன்னணி நெல் மாவட்டங்களுள் ஒன்று. காணிப் பிணக்குகள் தொடர்கின்றன.