பூ இல்லாத வருடத்தில் நடந்தவர்கள்

நான் பிறந்தது 1946. அது குறிஞ்சி பூத்த வருடம் என்பது, வேலையிலிருந்து ஓய்வு பெறும் காலத்தில்தான் எனக்குத் தெரிய வந்தது.

2006இல் அஞ்சல் துறை குறிஞ்சிப் பூவுக்கு ஒரு தபால்தலை வெளியிட்டது. அதே வருடம்தான் எனக்கும் ஓய்வு. கவுண்டரில் அந்தத் தபால்தலையை வாங்க வந்த ஒரு பெரியவர், "சார், இது பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் பூக்கும். அடுத்தது 2018. நாம இருப்போமா?" என்று சிரித்தார். வீட்டுக்குப் போய்ப் பின்னோக்கி எண்ணிப் பார்த்தேன். 1994, 1982, 1970, 1958, 1946. பழனி மலையில் வாழும் பளியர்கள் குறிஞ்சி பூப்பதை வைத்தே வயதைக் கணக்கிடுவார்கள் என்று சொல்வதுண்டு. அந்தக் கணக்கில் அப்போது எனக்கு வயது ஐந்து!

அதன் பிறகுதான் இந்தப் பூவைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க வெட்கமாகவும் இருந்தது. காரணம் சொல்கிறேன்.

எங்கள் காலத்துப் பள்ளிக்கூடத்தில் வனமகோத்சவம் என்றால் திருவிழா மாதிரி. கன்று நட்டு, தண்ணீர் ஊற்றி, மிட்டாய் வாங்கித் தின்போம். மரம் இல்லாத மலை மொட்டை மலை, அங்கே எந்த மரம் வைத்தாலும் புண்ணியம் என்பதுதான் எங்களுக்குத் தெரிந்த பாடம். எழுபதுகளில் கொடைக்கானல் போனபோது, புல்வெளியாகக் கிடந்த மலைச்சரிவில் வரிசை வரிசையாக வாட்டில், தைலமரக் கன்றுகள் நிற்பதைப் பார்த்து, "நல்ல காரியம் பண்ணியிருக்கான்" என்று நானே பாராட்டியிருக்கிறேன்.

அந்தப் புல்வெளிதான் குறிஞ்சியின் வீடு. உயரமான மலைகளில் மடிப்புகளில் சோலைக்காடும் மேடுகளில் புல்லுமாக இருப்பதுதான் இயற்கை அமைப்பு. அந்தப் புல் மழையைப் பஞ்சு மாதிரி உறிஞ்சி வைத்துக்கொண்டு, கோடையிலும் ஓடைகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். வெள்ளைக்காரன் அதை வெறும் தரிசு என்று நினைத்தான். சுதந்திரத்துக்குப் பிறகும் அந்த நினைப்பு மாறவில்லை. தோல் பதனிட வாட்டில் பட்டை வேண்டும், ஆலைக்கு மரக்கூழ் வேண்டும் என்று மலை மலையாக நட்டார்கள். செயற்கைக்கோள் படங்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு, 1973 முதல் 2014 வரை பழனி மலையின் புல்வெளியில் 66 சதவீதம் போய்விட்டது என்கிறது.

குறிஞ்சிக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. பதினொரு வருடம் அது வெறும் புதர். பூத்து, விதைத்து, செடி பட்டுப்போகும். விதையிலிருந்து மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். நடுவில் யாராவது அதை வெட்டிவிட்டுத் தைலமரம் வைத்தால், போனது பூ என்பதுகூட வெட்டியவனுக்குத் தெரியாது.

இதைப் புரிந்துகொண்டவர்கள் நம் பக்கத்து ஊர்க்காரர்கள். 1989இல் திருவனந்தபுரத்து இயற்கை ஆர்வலர்கள் கொடைக்கானலிலிருந்து மூணாறு வரை நடந்தே போனார்கள். ராஜ்குமார் என்பவர் அதில் முக்கியமானவர். பெரும்பூப்புக்கு அப்போது இன்னும் ஐந்து வருடம் இருந்தது. பூ பார்க்கப் போகிறவர்கள் ஆயிரம் பேர். பூ இல்லாதபோது போனவர்கள் இவர்கள்தான். குறிஞ்சியைக் காக்க வேண்டும் என்று விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பதினேழு வருடம் கழித்து, 2006 அக்டோபரில், இடுக்கி மாவட்டத்தில் வட்டவடை, கொட்டக்கொம்பூர் பகுதியில் 3,200 ஹெக்டேர் குறிஞ்சிமலை சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

கொடைக்கானல் பக்கமும் சும்மா இருக்கவில்லை. 1985இல் பழனி மலைப் பாதுகாப்புக் குழு தொடங்கியது. இங்கிலாந்திலிருந்து வந்து வட்டக்கானலில் தங்கிவிட்ட பாப் ஸ்டூவர்ட், தான்யா பால்கர் இருவரும் அழிந்துகொண்டிருந்த மலைச்செடிகளைத் தேடிப் பிடித்து நாற்றங்காலில் வளர்த்தார்கள். நீலகிரியில் இன்று நாட்டுப்புல்லையே நாற்றாக வளர்த்து நடுகிறார்கள். புல்லை நடுவதா என்று சிரிக்க வேண்டாம். நாஞ்சில் நாட்டுக்காரனுக்கு நெல்லும் புல்தானே!

நமக்கும் இதில் பங்கு உண்டு. கோதையாற்றுக்கு மேலே முத்துக்குழிவயல் பக்கம் இருப்பதும் இதே மாதிரி புல்வெளிதான். அந்த மலைத்தண்ணீரை நம்பித்தான் பேச்சிப்பாறை அணையும் நம் வயல்களும். இனி யாராவது அதை மொட்டை மலை என்று சொன்னால், நான் பேசாமல் இருக்கப் போவதில்லை.

2018இல் முழங்கால் வலி, மூணாறு போக முடியவில்லை. பேரன்தான் போய்ப் படம் எடுத்து வந்தான். அடுத்தது 2030. எனக்கு 84 ஆகும், குறிஞ்சிக் கணக்கில் ஏழு. நான் போவேனோ என்னவோ, செடி இருக்க வேண்டும்.