மணற்பெட்டியின் வரலாறு

ஹெந்தளை என்றதும் வரலாற்று மாணவனின் நினைவுக்கு வருவன இரண்டு. ஒன்று, ஒல்லாந்தர் 1708இல் அமைத்த தொழுநோய் மருத்துவமனை. மற்றது, ஆங்கிலேயர் 1802இல் தொடங்கி 1804இல் முடித்த ஹமில்டன் கால்வாய். மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்து எண்ணலாம். அது அவ்வூரின் மணல். மேற்கே கடலும் கிழக்கே முத்துராஜவெலச் சதுப்பு நிலமுமாக அமைந்த அக்கரையோர வளவுகளில், வீட்டுப் பூனை தன் மலசலத்துக்கு இடந்தேடி அலைய வேண்டியதில்லை. காலால் தோண்டும், கழிக்கும், மூடும், போய்விடும். வீட்டாருக்கு அஃதொரு செய்தியாகவே படுவதில்லை.

முற்றத்துக்குச் சீமெந்து பூசப்பட்டதும், வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை முதலிய இடங்களில் தொடர்மாடி வீடுகள் எழுந்ததும் நிலைமையை மாற்றின. இன்று பூனைக்குப் பிளாஸ்டிக் தட்டொன்றில் மணல் இட்டு வைக்கிறோம். அதுவோ சில நாள் தட்டினுள் கழிக்கிறது. சில நாள் அதன் அருகில் கழிக்கிறது. சில வேளை மணலைத் தொடாது தட்டின் விளிம்பையோ சுவரையோ பிறாண்டிவிட்டுப் போகிறது. சில வேளை படுக்கையையே நாடுகிறது. இவற்றைக் குறும்பென்றும் பழிவாங்கலென்றும் கொள்வோர் பலர். அப்பூனையைச் சாக்கில் கட்டிச் சந்தையடியில் விட்டு வருவோரும் உளர். ஒரு பிராணியின் வாழ்வே இத்தீர்ப்பில் தங்கியிருத்தலின், தீர்ப்புக்கு முன் அதன் வரலாற்றை ஆராய்தல் தகும்.

வீட்டுப் பூனையின் மூதாதை, வட ஆபிரிக்காவிலும் மேற்காசியாவிலும் வாழும் ஆபிரிக்கக் காட்டுப்பூனை என்பதை 2007இல் வெளிவந்த மரபணு ஆய்வு நிறுவியது. சைப்பிரஸ் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முன் மனிதனுக்கு அருகே புதைக்கப்பட்ட பூனையொன்றின் எலும்புக்கூட்டைப் பற்றி 2004இல் அறிவிக்கப்பட்டது. மனிதன் தானியம் சேமித்தான். தானியம் எலியை அழைத்தது. எலி பூனையை அழைத்தது. இவ்வுறவின் அடிப்படை பொருளாதாரமே எனலாம். நாயைப் போலக் கூட்டத் தலைமைக்குப் பணிந்து வாழும் மரபில் பூனை வந்ததன்று. தனித்து வேட்டையாடிய உயிர் அது. வறண்ட நிலத்து வாழ்வுக்கேற்ப அதன் சிறுநீரகம் நீரை மிகச் சிக்கனமாகவே வெளியேற்றும். சிறுநீரின் கடும் நெடிக்கு இச்செறிவும் ஒரு காரணமாகும்.

மலத்தை மூடும் வழக்கமும் அத்தனி வாழ்வோடு தொடர்புடையது. பகைவிலங்குக்கும் பிற பூனைக்கும் தன் இருப்பைப் புலப்படுத்தாதிருத்தல் அதன் பயன் எனக் கருதப்படுகின்றது. ஆயினும் எல்லாப் பூனையும் எப்போதும் மூடுவதில்லை. கட்டற்றுத் திரியும் பூனைகள் சில இடங்களில் மலத்தை மூடாமலே விடுகின்றன. நின்றவாறே வாலை உயர்த்திச் சுவரில் சிறுநீர் பீச்சுவதும் கழிவகற்றலன்று. அது பிற பூனைகளுக்கு விடுக்கும் அறிவித்தலாகும். ஆண் பூனைகளுள் பெரும்பாலானவை, விதை நீக்கப்பட்டபின் இதனைக் கைவிடுகின்றன.

மணற்பெட்டியோ மிக அண்மைக் காலத்தது. மேலைநாட்டு வீடுகளில் முன்னர் மணலும் சாம்பலும் மரத்தூளுமே பயன்பட்டன. 1947இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எட்வேட் லோவ் என்பவர், தொழிற்சாலைகளில் சிந்திய எண்ணெயை உறிஞ்சப் பயன்பட்ட களிமண் மணிகளை அயலவர் ஒருவரின் பூனைக்கெனக் கொடுத்தார். அக்கொடை பின்னர் பெருவணிகமாயிற்று. 1980களில் நனைந்தவுடன் கட்டியாகும் பெந்தனைற்றுக் களிமண்ணும் வந்தது. முற்றத்தில் இலவசமாகக் கிடந்தது, நகரத்தில் பணங்கொடுத்து வாங்கும் பண்டமாயிற்று.

இவ்வரலாற்றின் வழி நோக்குமிடத்துப் பூனையின் விசித்திரங்கள் பல விளங்குகின்றன. பூனைகள் பொதுவாக நுண்மணலையே விரும்புகின்றன. பரும்படியான மணிகள் காலுக்கு ஒவ்வாதபோது தட்டின் விளிம்பைப் பிறாண்டி நீங்குகின்றன. மனிதன் விரும்பும் வாசனைத் திரவியம் அதன் மூக்குக்கு உறுத்தலாகின்றது. மூடிய பெட்டியுள் வேறொரு பூனையால் மடக்கப்படும் அச்சம் உண்டு. எனவே, பூனைகளின் எண்ணிக்கையிலும் ஒன்று கூடுதலாகத் தட்டுகளை வைக்குமாறும், உணவுக் கிண்ணத்துக்கு விலக்கியே அவற்றை வைக்குமாறும் மிருக வைத்தியர்கள் கூறுவர்.

இவையனைத்தினும் முக்கியமானது நோய். தட்டுக்குள் அடிக்கடி சென்று முக்கியும் சிறுநீர் கழியாத ஆண் பூனைக்குச் சிறுநீர் வழி அடைபட்டிருக்கக்கூடும். அது குறும்பன்று, சிகிச்சையின்றேல் ஓரிரு நாளில் உயிரைப் பறிக்கும் நிலை. நோவுற்ற பூனை அந்நோவைத் தட்டோடு இணைத்து அஞ்சி, வேறிடம் தேடுவதும் உண்டு.

மனிதர் பக்கத்திலும் ஓர் அச்சம் உண்டு. 1908இல் கண்டறியப்பட்ட தொக்சோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிர், பூனையின் மலத்தோடு வெளியேறுவது 1970ஆம் ஆண்டளவில் தெளிவாயிற்று. அதனால் வீட்டில் ஒருத்தி கருவுற்றதும் பூனையைத் துரத்துவோர் உளர். ஆனால் மலத்தோடு வெளியேறிய அவ்வுயிர் தொற்றும் நிலையை அடைய ஒரு நாள் முதல் ஐந்து நாள் வரை செல்லும். தட்டை நாள்தோறும் வேறொருவர் துப்புரவு செய்தால் ஆபத்து பெரிதும் குறையும். சரியாக வேகாத இறைச்சியும் கழுவாத மரக்கறியும் தொற்றுக்கு வேறு வழிகள் என்பதும் மறக்கற்பாலதன்று. அக்கழிவைக் கால்வாயில் கொட்டுதலும் ஆகாது. நீர்வழியே கடலை அடைந்த இந்நுண்ணுயிர் கலிபோர்னியக் கரையில் கடல் நீர்நாய்களைக் கொன்றமை அறியப்பட்ட உண்மையாகும்.

மன்னரும் போரும் மட்டுமே வரலாறாகா. மனிதன் தன் வாழிடத்தை மாற்றியபோது உடன்வாழ்ந்த உயிர்களுக்கு நேர்ந்ததும் வரலாறே. மணலை மூடியது பூனையன்று. ஆதலின் பூனை வழி தவறும்போது, சாக்கைத் தேடுமுன் தட்டை நோக்குவதும், தட்டில் குறையில்லையெனின் மிருக வைத்தியரை நாடுவதும் நம் கடனாகும்.